ஊட்டுக்குள்ள பெத்தாச்சி, கூட்டத்துல "வாயாடி": எங்கட பக்கத்துப் பொம்புளச் சொல்லுகளும் அரசியலும்

எழுவான்கரையாள்

இலங்கையில எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பொம்புளயளக் கூப்பிடுற சொல்லு, அவங்களக் குறிச்சுக் கதைக்கிற சொல்லு எல்லாத்தையும் ஊர் ஊரா ஒரு இடத்துல சேத்து வைக்கோணும் எண்டு கனகாலமா ஒரு எண்ணம். 2025 மே மாசம் உள்ளூராட்சித் தேர்தல் முடிஞ்சு சபையள் ஓடத் துவங்கின பிறகு அது வெறும் சொல்லுச் சேக்கிற வேலயா எனக்குப் படல்ல.

ஊட்டுக்குள்ள எத்தின சொல்லு வச்சிருக்கம் பாருங்க. பெத்தாச்சி, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, மாமி, மச்சாள், அக்கா, புள்ள, கிளி. பக்கத்து ஊட்டுக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து "என்னகா, சமைச்சாச்சா", "இஞ்ச வாகா" எண்டு கூப்பிடுறாவே, அந்த "கா"வுல இருக்கிற உருத்து எனக்கு வேற ஊர்க் கதையில கிடைக்கிறதில்ல.

அதே பொம்புள கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துல எழும்பி வந்த காசு எவ்வளவு, றோட்டுக்குப் போட்டது எவ்வளவு எண்டு கேக்கட்டும், அந்த நிமிசமே சொல்லு மாறும். வாயாடி, அடங்காப்பிடாரி, ஆட்டக்காரி, "புருசன்காரன் இவள என்னத்துக்கு இப்பிடி உட்டு வச்சிருக்கான்". தேர்தல்ல நிண்டா இன்னும் மோசம், அதுகள நான் இஞ்ச எழுத விரும்பல்ல, எல்லாருக்கும் தெரியும்.

உங்கட ஊருல என்னென்ன சொல்லு இருக்கு, அது ஆர் ஆருக்குப் பாவிக்கிற, ஊரோட சேத்துச் சொல்லுங்க. பொது வேலைக்கு வாற பொம்புளைக்கு என்ன பேர் வச்சுக் கதைக்கிறாங்க எண்டதையும் சேத்துச் சொல்லுங்க.

படுவான்கரைப் பொடியன்

நல்ல வேல அக்கா. நான் கொக்கட்டிச்சோலப் பக்கம். பொதுவா கன பேரச் சேத்துச் சொல்லக்குள்ள "பொண்டுகள்", "பொம்புளயள்". சின்னதுகள் "பொட்டப்புள்ள", "பெட்டச்சி". வயசுக்கு வந்து கலியாணம் முடிக்காம இருந்தா "குமர்", "குமர்ப்புள்ள". "ஊட்டுல குமர் இருக்கு" எண்டா அந்த ஊட்டுக்காரருக்குக் கடமை இருக்கு, கடன் இருக்கு, வீடு கட்டோணும் எண்டு எல்லாருக்கும் விளங்கும். கலியாணம் முடிச்சா "பெண்சாதி", "ஊட்டுக்காரி". கிழவி எண்டு சொன்னா எங்கட பக்கம் கோவிக்க மாட்டாங்க, "எங்கட கிழவி" எண்டு பாசமாத்தான் சொல்லுற.

பிறகு அக்கா, பிரசவம் பாத்த மருத்துவிச்சிய ஊரே அம்மா எண்டு கூப்பிட்ட காலம் இருந்திருக்கு. அவ சொன்னா போடியாரும் (பெரிய வயல்காரர்) கேக்கோணும். அந்த மாதிரி மரியாதையும் இருந்ததுதான்.

கல்முனை ராத்தா

நம்மட பக்கத்தையும் சேத்துக்கங்க. உம்மா, உம்மம்மா, மூத்தம்மா, பெரியம்மா, சாச்சி, மாமி, ராத்தா, தங்கச்சி. இதுல "ராத்தா" எண்டது கூடப் பொறந்த அக்காக்கி மட்டுமில்ல, தெரியாத பொம்புளயும் ராத்தாதான், பஸ்ஸுல "ராத்தா கொஞ்சம் தள்ளி இரிங்க" எண்டு செல்லுவாங்க, தமிழ் ஆக்களும் எங்களக் கண்டா ராத்தா எண்டுதான் கூப்பிடுற, சந்தையில மரக்கறி விக்கிற தமிழ்ப் பொம்புளய நாங்க அக்கா எண்டு கூப்பிடுற. சண்ட, கலவரம், ஊர் விட்டு ஊர் ஓடின காலம் எல்லாம் வந்து போச்சி, இந்த ரெண்டு சொல்லும் சந்தைய விட்டுப் போகல்ல. எனக்கி அதுல ஒரு நம்பிக்க இரிக்கி.

குமர் எங்களுக்கும் அதே குமர்தான். "குமர் காரியம்" எண்டு செல்லி வந்து கேட்டா ஊருல ஆரும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க.

பொது வேலைக்கு வாற பொம்புளக்கி என்ன பேரெண்டு கேட்டீங்க. "ஊட்ட அடங்கி இரிக்கத் தெரியாதவ." அதுதான் பேர்.

லண்டன் களுவாஞ்சி

எல்லாம் சரி, ஆனா ஒண்ட மறக்கக் கூடாது. இலங்கையில மற்ற இடத்தோட ஒப்பிட்டா எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துலதான் பொம்புளைக்குக் கூட மரியாதை. எங்கட குடி, அதாவது வம்சம், தாயாலதான் வரும். தகப்பன் எந்தக் குடியா இருந்தாலும் புள்ள தாய்ட குடி. கலியாணம் முடிச்ச ஆம்புள பொம்புள ஊட்டுக்குத்தான் போய் இருக்கிற. வீடு வளவு மகளுக்குத்தான் எழுதுற. யாழ்ப்பாணத்துல தேசவழமைச் சட்டத்தில கலியாணம் முடிச்ச பொம்புள தன்ட காணிய விக்கிறதுக்கே புருசன்ட சம்மதம் எடுக்கோணும், எங்களுக்கு அந்தச் சட்டமே இல்ல. அப்ப எங்கட சமூகத்தில பெண்ணுக்கு அதிகாரம் இல்ல எண்டு சொல்லுறது சரியா வராது எண்டுதான் நான் நினைக்கிறன்.

எழுவான்கரையாள்

அண்ணன் சொன்னது எல்லாம் உண்ம, அதுலதான் எனக்கு வயிறு எரியிற. குடி தாயால, வயித்துவார் (குடிக்குள்ள வாற கிளை) தாயால, வீடு மகளுக்கு. "நீ எந்தக் குடி" எண்டு கேட்டா நாங்க அம்மாட குடியத்தான் சொல்லுறம். ஆனா அந்தக் குடிக்குத் தலைவர் ஆரு? கோயில்ல அந்தக் குடிக்குரிய திருவிழாவ எடுத்து நடத்துற வண்ணக்கர் (கோயில் பொறுப்பாளர்) ஆரு? ஒரு ஆம்புள. அம்மாவால குடி வருது, அம்மாட தம்பி போய் அந்த இடத்துல இருக்கிறார். குடிய வயித்துல சுமந்து தந்தவ மடைப்பெட்டி (சாமிக்குப் படைக்கிற சாமான் பெட்டி) சுமக்கிறதோட நிக்கிறா, குரவை போடுறதோட நிக்கிறா.

வீட்டையும் பாருங்க. வீடு அவட பேருல இருக்கு, உறுதியில அவட பேர்தான். அந்த வீட்டு முன் விறாந்தையில கட்சிக்காரர் வந்து கூடி ஆர வேட்பாளரா போடுற எண்டு கதைப்பாங்க, அவ உள்ளுக்க தேத்தண்ணி ஊத்துவா. இத நான் ஒரு வீட்ட வச்சுச் சொல்லல்ல. ஆரையம்பதியில இருந்து திருக்கோவில் வரைக்கும் எந்த ஊர எடுத்தாலும் இதுதான். சொத்து இருந்தா அதிகாரம் தானா வரும் எண்டு பொதுவாச் சொல்லுவாங்க, எங்கட பக்கம் சொத்து எத்தினயோ தலைமுறையா இருக்கு, அதிகாரம் விறாந்தைக்கு வரக்குள்ள ஆம்புளட கையில போயிருது.

மருமகன்

வண்ணக்கர் கதை வந்ததால சொல்லுறன், எங்கட குடும்பத்தில அந்தப் பொறுப்பு இருந்தது. அது தகப்பனுக்குப் பிறகு மகனுக்கு வாறதில்ல, மாமனுக்குப் பிறகு மருமகனுக்கு. அதாவது சகோதரிட மகனுக்கு. ஏனெண்டா மகன் வேற குடி, அவன் தன்ட தாய்ட குடி. இது பழைய முக்குவர் (எங்கட பக்கத்து ஒரு சமூகம்) சட்டத்திட வழி. அந்தச் சட்டத்தில முதுசம் (பரம்பரைச் சொத்து) தாய்வழியாத்தான் இறங்கும், மாமனிட சொத்து சகோதரிட புள்ளயளுக்கு. 1876ல வெள்ளைக்காரன் கொண்டு வந்த கலியாண உரிமை, முதுசக் கட்டளைச் சட்டத்தோட அது நீதிமன்றத்தில செல்லாமப் போச்சு. சொத்தில போனது கோயில்ல போகல்ல, இண்டைக்கும் குடிமுறை கோயில்லதான் உயிரோட இருக்கு.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு நேர் பதில் சொல்லோணும் எண்டா, பொம்புள வண்ணக்கரா இருக்கக் கூடாது எண்டு எழுதி வச்ச ஒண்டையும் நான் கண்டதில்ல. "துடக்கு" (மாதவிடாய்த் தீட்டு) எண்டு ஒரு சொல்லச் சொல்லிக் கதைய முடிச்சிருவாங்க. ஆனா கணக்குப் பாக்கிறதுக்கும் கூட்டத்துல இருந்து வாக்குப் போடுறதுக்கும் துடக்குக்கும் என்ன சம்பந்தம்? மூலஸ்தானத்துக்க போறது ஐயர்தான், வண்ணக்கர் இல்ல. கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில ஊர் ஊரா நடக்குது, நீதி கேட்டு அரச சபைக்குப் போன ஒரு பொம்புளயத்தான் கும்பிடுறம், குளிர்த்தி பாடுறம். அந்தக் கோயில்ட நிருவாக சபைக் கூட்டத்துக்கு ஒரு பொம்புள வந்து கேள்வி கேட்டா முகத்தச் சுழிக்கிறம். எனக்கு இது கனகாலமா உறுத்துற விசயம், பெரியாக்களிட்டச் சொல்லியும் இருக்கிறன்.

வாவிக்காத்து

துடக்கு எண்ட சொல்லையும் பட்டியல்ல சேருங்க.

பட்டியலால வந்தவ

நான் 2018 தேர்தலுக்குப் பிறகு எங்கட பக்கத்து ஒரு சபையில உறுப்பினரா இருந்தவ. சபைட பேரும் கட்சிட பேரும் வேணாம். என்ன பேர் வச்சுக் கூப்பிட்டாங்க எண்டு கேட்டீங்க. "லிஸ்ட் மெம்பர்." "போனஸ்." "சும்மா வந்தவ." ஆம்புளயள்லயும் அதே பட்டியலால வந்தவங்க இருந்தாங்க, அவங்கள ஆரும் அப்பிடிச் சொல்லல்ல, அவங்க "மெம்பர் ஐயா".

முறை என்னெண்டு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் விளக்கிச் சொல்லுறன், இது தெரியாமத்தான் கன பேர் கதைக்கிறாங்க. 2017ம் ஆண்டு 16ம் இலக்கத் திருத்தச் சட்டத்தால உள்ளூராட்சி சபையள்ல நூத்துக்கு 25 பொம்புளயள் இருக்கோணும் எண்டு வந்தது. அதுக்கு முந்தி நாடு முழுக்க எடுத்தா நூத்துக்கு 2 பேர் கூட இல்ல. உறுப்பினர்ல 60 வீதம் வட்டாரத்தால (சனம் நேர தெரியிறது), 40 வீதம் பட்டியலால (எடுத்த வாக்குக்கு ஏத்த மாதிரி கட்சி போடுறது). கட்சி வேட்புமனுக் குடுக்கக்குள்ள வட்டார வேட்பாளர்ல 10 வீதம் பொம்புளயள் இருந்தாக் காணும், மேலதிகப் பட்டியல்லதான் 50 வீதம். இந்த ரெண்டு எண்ணையும் வச்சுப் பாருங்க. சட்டமே பொம்புளய வட்டாரத்துல விட்டுப் பாக்கல்ல, பட்டியல்ல குமிச்சு வச்சிருக்கு. பிறகு வெண்டு வந்தவங்க கேப்பாங்க, "உனக்கு ஆர் வோட்டுப் போட்ட" எண்டு.

இன்னொண்டும் இருக்கு. ஒரு கட்சி 20 வீதத்துக்குக் குறைய வாக்கு எடுத்து மூண்டு பேருக்குக் குறைய உறுப்பினர் கிடைச்சா அந்தக் கட்சி பொம்புளயப் போடத் தேவையில்ல. எங்கட பக்கத்துல தமிழ்க் கட்சி, முஸ்லிம் கட்சி, சுயேச்சைக் குழு எண்டு வாக்கு பிரியிற சபையள் கனக்க, ஒவ்வொண்டுக்கும் ஒண்டு ரெண்டு ஆசனம்தான் வரும். அப்ப 25 நிறையிறது எப்பிடி?

சபையில கதைக்க எழும்பினா "அக்கா, நேரம் போகுது" எண்டு சொல்லுவாங்க. அக்கா எண்ட சொல்லால வாயடைக்கலாம் எண்டத நான் அங்கதான் கண்டன். குப்பை அள்ளுற மெசின், லைட் போடுற ஒப்பந்தம் எல்லாம் ஆம்புளயளிட குழுவுக்கு. எனக்கு முன்பள்ளி, நூலகம், பெண்கள் தினம். முன்பள்ளி சின்ன வேல எண்டு நான் சொல்ல வரல்ல, அதையும் நல்லாத்தான் செய்தன். வடிகானப் பத்தியும் எனக்குத் தெரியும், மாரிக்கு எந்த ஒழுங்கையில முழங்கால் அளவு தண்ணி நிக்கும் எண்டு எங்கள விட ஆருக்குத் தெரியும், அந்தத் தண்ணிக்கதான் புள்ளயளத் தூக்கிக்கொண்டு போறம்.

படுவான்கரைப் பொடியன்

அக்கா கோவிக்க வேணாம், ஒரு விசயம் கேக்கிறன். சில இடத்துல உறுப்பினர் பொம்புள, ஆனா கூட்டத்துக்கு வெளிய நிண்டு எல்லாத்தையும் நடத்துறது புருசன், இல்லாட்டி தமையன். மனு எழுதுறதும் அவர், போன் எடுக்கிறதும் அவர். கோட்டா எண்டு கொண்டு வந்து கடைசியில இதுதான் நடக்குது எண்டு சனம் சொல்லுற, அதுக்கு என்ன சொல்லுறீங்க? நான் கோட்டாவுக்கு எதிர் இல்ல, சனம் கேட்டா என்ன சொல்லுற எண்டுதான் கேக்கிறன்.

பட்டியலால வந்தவ

நடக்குது தம்பி, கண்ணால கண்டிருக்கன். அது ஏன் நடக்குது எண்டு பாப்பம். வேட்புமனுவுக்குக் கடைசிக் கிழமை வரைக்கும் பொம்புளயத் தேட மாட்டாங்க. கடைசி ரெண்டு நாளில பொம்புள காணாது எண்டு அமைப்பாளர் தன்ட பெண்சாதிய, மச்சாளக் கொண்டு வந்து கையெழுத்து எடுக்கிற. அதே ஊருல மாதர் சங்கத்துல பதினைஞ்சு இருபது வருசம் கணக்குப் பொத்தகம் வச்சுக் கடன் குடுத்து வாங்கின பொம்புள இருப்பா, அவளிட்டப் போய்க் கேக்க மாட்டாங்க. அவ கேள்வி கேப்பா எண்டு தெரியும். ஆளத் தெரிஞ்செடுத்தது ஆரு எண்டு முதல் கேளுங்க, அந்தப் பொம்புள ஏன் பேசாம இருக்கிறா எண்ட கேள்விக்குப் பதில் அதுக்குள்ள இருக்கு.

புருசன் பின்னால நிண்டு நடத்துறது பொம்புளயளுக்கு மட்டும் உள்ள வருத்தமும் இல்ல. எத்தின ஆம்புள மெம்பர்மார் கட்சி அமைப்பாளர் சொன்னதுக்கு மட்டும் கை உயத்துறாங்க, அவங்கள ஆரும் பொம்ம எண்டு சொல்லுறதில்ல.

மருமகன்

ஓம்.

வாவிக்காத்து

எங்கட பக்கத்துப் பொம்புளயள் அரசியலுக்குப் புதுசு எண்டு ஆரும் நினைக்க வேணாம், கொஞ்சம் பழைய கதையும் பாப்பம்.

இலங்கையில பொம்புளைக்கும் ஆம்புளைக்கும் சேத்து 1931லயே வாக்குரிமை வந்திட்டு. அடுத்த வருசமே நேசம் சரவணமுத்து எண்ட தமிழ்ப் பொம்புள கொழும்பு வடக்கில இருந்து அரசாங்க சபைக்குப் போனவ. 1960ல சிறிமாவோ உலகத்துலயே முதல் பெண் பிரதமர். எங்கட பக்கத்துக்கு வந்தா, பொத்துவில் தொகுதிக்கு ரங்கநாயகி பத்மநாதன் 1980ல பாராளுமன்றம் போனா. பேரியல் அஷ்ரப் 2000ல திகாமடுல்லையில (அம்பாறைத் தேர்தல் மாவட்டம்) வெண்டு அமைச்சராவும் இருந்தா. தங்கேஸ்வரி கதிராமன் 2004ல மட்டக்களப்பு மாவட்டத்துல வெண்டா. மட்டக்களப்பு மாநகர சபைக்கு 2008லயே சிவகீதா பிரபாகரன் மேயர். கொழும்பு மாநகர சபைக்கு ஒரு பொம்புள மேயரா வந்தது 2018ல, நாங்க அவங்களுக்குப் பத்து வருசம் முந்தி. இத எங்கட பள்ளிக்கூடப் புள்ளயளிட்டக் கேட்டுப் பாருங்க, எத்தின பேருக்குத் தெரியும்?

இதுல ஒண்டக் கவனிக்கோணும். சிறிமாவோ வந்தது புருசன் கொல்லப்பட்ட பிறகு. நேசம் சரவணமுத்து வந்தது புருசன் பதவி இழந்த பிறகு. ரங்கநாயகி அம்மா வந்தது தமையன் கனகரத்தினம் எம்பி செத்த பிறகு. பேரியல் அஷ்ரப் வந்தது புருசன் 2000 செப்டெம்பர்ல ஹெலிகொப்டர்ல செத்த பிறகு. இவங்களக் குறைச்சுச் சொல்லுறதுக்காக நான் இத எழுதல்ல, அந்த இழப்போட வந்து நிண்டு வேல செய்யிறது லேசில்ல. ஆனா பொம்புளைக்குக் கதவு திறக்கிறதுக்கு ஊட்டுல ஒரு ஆம்புள சாகோணும், இல்லாட்டி விழோணும் எண்டு இருக்கிற வழி எனக்குச் சரியாப் படல்ல. தங்கேஸ்வரி அம்மாவ நான் அதால தனியாப் பாக்கிறன். அவ தொல்லியல் ஆராய்ச்சி செய்து, இந்த மண்ணுட பழைய வரலாறத் தேடித் திரிஞ்சு, தன்ட வேலையால ஊருக்குத் தெரிஞ்சு அந்த இடத்துக்கு வந்தவ.

இப்ப? 2024 பொதுத் தேர்தல்ல மட்டக்களப்பு மாவட்டத்துக்கு அஞ்சு ஆசனம், அஞ்சும் ஆம்புளயள். நாட்டில ஒரு பொம்புள பிரதமரா இருக்கிறா, ஹரிணி அமரசூரிய. அந்தப் பாராளுமன்றத்துக்கு எங்கட மாவட்டம் ஒரு பொம்புளய அனுப்பல்ல.

லண்டன் களுவாஞ்சி

நல்ல தகவல். மேயர் எண்ட உடன எனக்கு ஒரு சொல்லு ஞாபகம் வருது, "நகரபிதா". நான் ஊருல இருக்கக்குள்ள பேப்பர்ல, நோட்டீஸ்ல எல்லாம் அதுதான் போடுற. பிதா எண்டா தகப்பன். பொம்புள வந்தா என்ன சொல்லுற?

எழுவான்கரையாள்

அதுக்கு நல்ல சொல்லு இருக்கே அண்ணன், "முதல்வர்". மாநகர முதல்வர். பிரதேச சபைக்குத் தவிசாளர், உப தவிசாளர். உறுப்பினர், அமைச்சர், செயலாளர் எல்லாமே ரெண்டு பேருக்கும் பொருந்துற சொல்லுதான், தமிழ் அதுல எங்களுக்கு நல்ல வசதி செய்து வச்சிருக்கு. "நகரமாதா" எண்டு புதுசா ஒண்டு செய்ய வேணாம், அவ ஊருக்குத் தாயா இருக்கோணும் எண்டு ஒரு பாரத்தையும் தலையில ஏத்த வேணாம், முதல்வர் எண்டு கூப்பிட்டாக் காணும்.

பேப்பர்க்காரர் "பெண் உறுப்பினர்" எண்டு எழுதுறத மட்டும் உட்டாங்க எண்டா நல்லம். ஆம்புள கதைச்சா "உறுப்பினர் தெரிவித்தார்", பொம்புள கதைச்சா "பெண் உறுப்பினர் தெரிவித்தார்". பெண்களப் பத்தின செய்தியா இருந்தா எழுதட்டும், வடிகான் செய்தியில என்னத்துக்கு?

கல்முனை ராத்தா

நானும் கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கங்க.

எங்கட ஊடும் பொம்புளட பேருலதான், மாப்பிள்ள வந்துதான் இரிக்கிற, கிழக்குல முஸ்லிம் ஆக்களுக்கும் குடி தாய்வழிதான், பள்ளிவாசல் மரைக்காயர் (பள்ளி நிருவாகி) முறையும் குடியோட சேந்ததுதான். அதுலயும் அதே கததான், குடி உம்மாட, மரைக்காயர் ஆம்புள. பள்ளி நிருவாகத்துல ஒரு முடிவு எடுத்தா அது ஊரு முழுக்க எங்களுக்கும் சேத்துத்தான், எடுக்கக்குள்ள நாங்க இல்ல.

1951ம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இரிக்கி. கலியாணப் பதிவுல மணமகள் கையெழுத்து வைக்கிற வழக்கமே இல்ல, வலி (மணமகள்ட ஆம்புளப் பாதுகாவலர்) வச்சாக் காணும். காதியா (முஸ்லிம் விவாக வழக்குக் கேக்கிற நீதவான்) ஒரு பொம்புள வரேலாது, சட்டத்துலயே ஆம்புள எண்டுதான் கிடக்கு. புருசன் அடிக்கிறான், செலவு தாறானில்ல எண்டு செல்லப் போற இடத்துல எங்கட கதையக் கேக்கிற ஒரு பொம்புளயும் இல்ல. இத மாத்தோணும் எண்டு கனகாலமாக் கேட்டு நிக்கிறது வெளியாக்கள் இல்ல, புத்தளத்துல, மட்டக்களப்புல, அம்பாறையில உள்ள முஸ்லிம் பொம்புளயள்தான். அவங்களுக்குக் கிடச்ச பேர என்னால இங்க எழுதேலா. மார்க்கத்துக்கு எதிரானவ, காசு வாங்கினவ, அதுக்குப் பிறகு வாறது இன்னும் மோசம். தொழுகிற, நோம்பு புடிக்கிற, குர்ஆன் ஓதிக் குடுக்கிற பொம்புளயளத்தான் அப்பிடிச் செல்லுறாங்க.

அதால நான் அரசியலுக்குப் பொம்புள வேணும் எண்டு கேக்கிறது அழகுக்கு இல்ல. சட்டத்த மாத்துற இடத்துல நாங்க ரெண்டு மூணு பேராவது இரிக்கோணும். எங்களுக்காக ஒரு ஆம்புள கதைக்கட்டும் எண்டு இத்தின வருசம் பாத்தாச்சி.

திருக்கோவில் கரை

ராத்தா சொன்னது மனசுல பட்டது. நான் விதவை எண்ட சொல்லப் பத்திச் சொல்லுறன், சண்டைக்குப் பிறகு எங்கட பக்கத்துல அதுதான் கூடக் கதைபட்ட சொல்லு. முந்தி கைம்பெண்டாட்டி. ஏசக்குள்ள "அறுதலி", "தாலியறுத்தவ". பிறகு என்ஜிஓக்கள் வந்து "பெண் தலைமைத்துவக் குடும்பம்" எண்டாங்க. கூட்டத்துக்குக் கூப்பிட, கோழிக் கூடு குடுக்க அந்தச் சொல்லுத்தான் பாவிச்ச. அதுல ஒரு நல்லது இருந்தது எண்டுதான் சொல்லுவன், தாலிய வச்சுக் கூப்பிடாம அவட பொறுப்ப வச்சுக் கூப்பிட்ட. ஆனா தலைமை எண்டது அந்த வீட்டு வாசலோட நிண்டு போச்சு. அவள ஊருக்குத் தலைமை எண்டு ஆரும் கேக்கல்ல.

காணியையும் பாருங்க. லண்டன் அண்ணன் சொன்ன தாய்வழிச் சொத்து உறுதிக் காணிக்குத்தான். அம்பாறையில கல்லோயாத் திட்டத்துக் காணி, மற்ற அரச பேமிட் காணி எல்லாம் 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ. முந்தி, பின்னுரித்தாளி (தனக்குப் பிறகு காணிக்கு உரிமைக்காரர்) பேர் போடாம பேமிட்காரர் செத்தா, புள்ளயள்ல ஆம்புளைக்குத்தான் முதலிடம், அதுலயும் மூத்தவனுக்கு. பெண்சாதி இருந்து ஆளலாம், மறுகா கலியாணம் முடிச்சா அதுவும் போச்சு. எங்கட தாய்வழி முறைக்கு நேர் எதிரான ஒண்டு, எங்கட வயலுக்குள்ளயே எண்பது வருசத்துக்கு மேல இருந்தது. 2022லதான் திருத்தின. அத்தின வருசமும் எங்கட எம்பிமார் பாராளுமன்றத்துல இருந்தாங்கதானே. வயல்ல நாத்து நட்டவ, களை புடுங்கினவ ஒருத்தி அங்க இருந்திருந்தா இது இவ்வளவு காலம் கிடந்திருக்காது எண்டுதான் நான் நம்புறன்.

மட்டக்களப்பு டவுன் காந்திப் பூங்காவுக்கு முன்னால காணாமப் போன புள்ளயளிட படத்தப் புடிச்சுக்கொண்டு எத்தின வருசமா அம்மாமார் நிக்கிறாங்க. 80கள்லயே அன்னையர் முன்னணி எண்டு ரோட்டுல இறங்கினவங்க இவங்கட தாய்மார். ஆமிக்காரனிட்ட நேர போய்க் கேட்டவங்க. கூட்டம் எண்டு ஒண்டு வந்தா மைக்க வாங்கிறது ஒரு ஐயா.

லண்டன் களுவாஞ்சி

காணிச் சட்டம் பத்தி எனக்கு இவ்வளவு விவரமாத் தெரியா, நன்றி. தாய்வழி முறை எங்கட பெருமை எண்டத நான் இன்னும் சொல்லுவன். அத வச்சே கேக்கலாமே? "எங்கட குடி தாயால வருது, அப்ப நிருவாகத்துலயும் தாய் இருக்கட்டும்" எண்டு கேட்டா ஆரும் இது வெளிநாட்டுக் கதை எண்டு சொல்லேலாது. இஞ்ச லண்டன்ல எங்கட கோயிலுக்குக் காசு சேத்து அனுப்புறம், ஊர்ச் சங்கத்தால. அந்தக் கூட்டத்துல இத நான் எடுத்துக் கதைக்கிறன்.

மருமகன்

இது நல்ல வழி தம்பி. யாப்புத் திருத்தம் எண்டு துவங்கினா வருசக்கணக்கா இழுபடும். முதல்ல கணக்காய்வாளரா ரெண்டு பொம்புளயப் போடச் சொல்லுங்க. எங்கட ஊருல பேங்க்ல இருந்து ஓய்வு பெற்றவங்க, கணக்கு டீச்சர்மார் இருக்கிறாங்க. கணக்குப் பாக்கிறவ கூட்டத்துக்கு வரத்தான் வேணும்.

பட்டியலால வந்தவ

அரசியல்ல என்ன கேக்கோணும் எண்டும் சொல்லுறன். ஒண்டு, வட்டார வேட்பாளர்ல 10 வீதம் எண்டதக் கூட்டச் சொல்லிக் கேக்கோணும், குறைஞ்சது 25. சட்டம் மாறுறதுக்கு முந்தியே கட்சியள் தாங்களாச் செய்யலாம், 10 எண்டது ஆகக் குறைஞ்ச அளவு, அதுக்கு மேல போகக் கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்ல. கட்சிக்கு வெல்லக் கூடிய வட்டாரத்துல போடோணும், தோக்கிற வட்டாரத்துல கொண்டு போய்ப் போட்டுட்டு "பொம்புளைக்குச் சனம் போடல்ல" எண்டு சொல்லக் கூடாது.

மற்றது மாகாண சபை. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டெம்பர்ல முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே இல்ல. 2017ல வந்த திருத்தத்துல மாகாண சபை வேட்புமனுவுல 30 வீதம் பொம்புளயள் எண்டு இருக்கு. அந்தத் தேர்தல் எந்த முறையில வந்தாலும் இந்த 30 வெட்டுப்படாம இருக்கோணும் எண்டு இப்பவே கேக்கோணும். தேர்தல் அறிவிச்ச பிறகு கேட்டா ஆரும் காது குடுக்க மாட்டாங்க.

பொம்புளயள் எங்களுக்கும் ஒரு வேல இருக்கு. கட்சிக் கிளைக் கூட்டத்துக்கு ஆலாத்தி எடுக்க மட்டும் போறத நிப்பாட்டுவம். போனா உறுப்புரிமைப் படிவம் நிரப்பி, கிளைக் குழுவுல பேரப் பதிஞ்சுட்டு வருவம். வேட்பாளரத் தெரியிறது அந்தக் குழுதான்.

படுவான்கரைப் பொடியன்

எங்கட மாதர் சங்கத் தலைவியிட்ட இத வாசிச்சுக் காட்டினன். அவ கேட்ட கேள்வி, ராவையில தேர்தல் வேலைக்குப் போனா ஆர் கூட வாற, ஆத்துக்கு இங்கால பஸ் வெள்ளென நிண்டிரும், மட்டக்களப்பு டவுனுல கூட்டம் பின்னேரம் ஆறு மணிக்கு வச்சா எப்பிடித் திரும்பி வாற. இதுக்கும் ஆரும் பதில் சொல்லுங்க.

பட்டியலால வந்தவ

கூட்டத்த ஞாயித்துக்கிழமை காலையில வைக்கச் சொல்லிக் கேளுங்க தம்பி. நாங்க எங்கட கிளையில கேட்டு மாத்தின. துவக்கத்துல முணுமுணுத்தாங்க, பிறகு ஆம்புளயளுக்கும் அது லேசாப் போச்சு. தலைவி அக்காட்ட என்ட நம்பர் வேணும் எண்டா தனியாக் கேக்கச் சொல்லுங்க, ராவைப் பயணத்துக்கு நாங்க என்ன ஒழுங்கு செய்த எண்டு சொல்லித் தாறன்.

எழுவான்கரையாள்

இதுவரைக்கும் வந்த சொல்லுகள ஊர்வாரியா எழுதிக்கொண்டு வாறன். வாழைச்சேனை, வாகரைப் பக்கத்தில இருந்து ஒருத்தரும் வரல்ல, பொத்துவில், பாணமைப் பக்கமும் இல்ல. மீன் வாடியில வேல செய்யிற பொம்புளயள், சேனைக்குப் போற பொம்புளயள் தங்களுக்குள்ள என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க எண்டு தெரிஞ்ச ஆரும் இருந்தா எழுதுங்க.

வாகரையான்

நான் இருக்கிறன் அக்கா. எங்கட பக்கம் கரவலை இழுக்கிற இடத்துல மீன் பிரிக்கிற பொம்புளயள் வயசு வித்தியாசம் இல்லாம ஆளுக்காள் "மச்சாள்" எண்டுதான் கூப்பிடுற. அவங்கள்ல ஒருத்தி இந்த முறை வட்டாரத்துல நிண்டு தோத்தவ. அடுத்த முறையும் நிக்கப் போறாவாம், மீன் பிரிக்கிற மச்சாள்மார் எல்லாரும் இப்பவே கட்டுக்காசுக்குச் சீட்டுப் போட்டிருக்கிறாங்க.